ஹோட்டல் அறை போல மாற்றியும் வீட்டில் ஏதோ குறைகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

வீட்டு உள்வேலை செய்து கொடுப்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கோரிக்கை இது: “பெட்ரூமை மட்டும் நல்ல ஹோட்டல் ரூம் மாதிரி பண்ணிக் கொடுங்க.” கூடவே கைபேசியில் படங்களும் வரும். பஞ்சு வைத்துத் தைத்த தலைப்பலகை, தங்க நிறப் பட்டை, வெள்ளைப் படுக்கை, மஞ்சள் வெளிச்சம். இவை எல்லாமே கடையில் கிடைக்கின்றன, வாங்கி மாட்டிவிடலாம். பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அறை அழகாக இருக்கிறது, ஆனால் ஹோட்டலில் கதவைச் சாத்தியதும் வருகிற நிம்மதி இங்கே வரவில்லை என்பார்கள்.

படத்தில் விழுந்ததை வாங்கிவிட்டோம், விழாததை விட்டுவிட்டோம் என்பதுதான் பெரும்பாலும் காரணம். சுவிட்ச் எங்கே இருக்கிறது, குளியலறைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பெட்ஷீட்டை எப்படி வெளுக்கிறார்கள் என்பதெல்லாம் எந்தப் படத்திலும் வராது. ஆனால் அந்த நிம்மதியைத் தருவது அவைதான்.

கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் நான் கேட்ட ஒரு குறை. உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதற்கு நேராகப் போங்கள். சுவரை உடைக்காமல் முடிகிற வழியை முதலில் சொல்கிறேன், உடைக்க வேண்டியதைக் கடைசியில்.

“விலை உயர்ந்த விளக்கு போட்டும் கண் கூசுகிறது”

முதலில் ஒரு சோதனை. இரவு எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுங்கள். கண்ணுக்கு நேரே எரிகிற பல்பு தெரிகிறதா? தெரிந்தால் அதுதான் குற்றவாளி.

நம் ஊரில் ஃபால்ஸ் சீலிங் போட்டதும் வழக்கமாக நடப்பது இது: பத்துக்குப் பன்னிரண்டு அறையில் 12 வாட் டவுன்லைட் ஆறு, ஆறும் ஒரே சுவிட்சில். 9 வாட் எல்இடி பல்பு ஒன்றே ஏறக்குறைய 800 முதல் 900 லூமென் வெளிச்சம் தரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த ஆறும் சேர்ந்தால் ஒரு படுக்கையறைக்கு எவ்வளவு அதிகம் என்று. நல்ல ஹோட்டல் அறையில் கட்டிலுக்கு மேலே நேராகக் கொட்டும் விளக்கு அநேகமாக இருக்காது. கதவுக்குப் பக்கத்தில் ஒன்று, அலமாரிக்குள் ஒன்று, மேஜை மேல் ஒன்று, கட்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி சுவிட்சில் வைத்திருப்பார்கள்.

அதனால் தலையணைக்கு மேலே வரும் டவுன்லைட்டுகளின் இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிவிடுங்கள். விளக்கு அங்கேயே இருக்கட்டும், எரியாமல் இருந்தால் போதும். கட்டிலின் இருபுறமும் பிளக்கில் செருகும் மேஜை விளக்கு வையுங்கள். அதற்கு 4 அல்லது 5 வாட் பல்பு தாராளம். தலைப்பலகையில் சாய்ந்து உட்கார்ந்தால் பல்பு கண்ணில் படக் கூடாது, புத்தகத்தின் மேல் வெளிச்சம் விழ வேண்டும். சுவரில் மாட்டுகிற விளக்கு என்றால் துளை போடும் முன் ஒருவரைக் கட்டிலில் உட்காரவைத்து, விளக்கைக் கையில் பிடித்து ஏற்றி இறக்கிப் பார்த்துப் பென்சிலால் குறியுங்கள். எழுதிவைத்த அளவை நம்பி மாட்டினால் உங்கள் மெத்தையின் உயரம் அதைப் பொய்யாக்கிவிடும்.

அடுத்தது நிறம். பெட்டியில் ‘வார்ம் ஒயிட்’ என்று போட்டிருந்தாலும் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 2700 கெல்வின் நல்ல மஞ்சள், 3000 கொஞ்சம் வெளிர் மஞ்சள், 6500 என்பது நம் வழக்கமான டியூப்லைட் வெள்ளை. படுக்கையறைக்கு 2700 அல்லது 3000, இரண்டில் ஒன்றை எடுத்து அறை முழுக்க அதையே போடுங்கள். மூலைக்கு ஒரு நிறமாகக் கலந்துவிட்டால் எவ்வளவு செலவு செய்தாலும் அறை ஒட்டாது. சிஆர்ஐ என்றொரு எண்ணும் இருக்கும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு. அது 90-ஐத் தாண்டினால் தேக்கு தேக்காகத் தெரியும், முகம் முகமாகத் தெரியும். 80 உள்ளதில் மரமெல்லாம் கொஞ்சம் சோகையாகவே இருக்கும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போட்டு, விளக்கு மினுக் மினுக்கென்று துடித்தால் டிம்மரும் பல்பும் பொருந்தவில்லை என்று அர்த்தம். டிம்மருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் எல்இடி பல்பை மட்டும் அதில் போடுங்கள். ஃபேன் ரெகுலேட்டரை விளக்குக்கு மாட்டித்தரச் சம்மதிக்கும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு, தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கூரை ஓரத்தில் மறைத்து வைக்கும் கோவ் லைட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா? மீட்டருக்குக் குறைந்த எண்ணிக்கையில் எல்இடி உள்ள மலிவான ஸ்ட்ரிப்பை அப்படியே ஒட்டியிருப்பார்கள். அலுமினிய ப்ரொஃபைலுக்குள் வைத்து மேலே பால் நிற மூடி போட்டால் பாதி சரியாகும். புள்ளி தெரியாமல் ஒரே கோடாக எரியும் சிஓபி ஸ்ட்ரிப்பாக மாற்றினால் முழுக்கச் சரியாகும்.

“விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தடவிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது”

என்னைக் கேட்டால், ஹோட்டல் அறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய முதல் பொருள் இதுதான்: படுத்தபடியே எல்லா விளக்கையும் அணைக்கிற சுவிட்ச். தலைப்பலகைக்கு எழுபதாயிரம் செலவு செய்துவிட்டு இதற்கு ஆயிரத்தை யோசிக்கிற வீடுகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் இருக்கும் அல்லவா, அதே டூ வே முறைதான். கதவருகே ஒன்று, கட்டிலருகே ஒன்று. வயரிங் நடக்கும்போதே சொல்லிவிட்டால் கூடுதலாகக் கொஞ்சம் வயரும் ஒரு பெட்டியும்தான் செலவு. வேலை முடிந்த வீடாக இருந்தால் சுவரைக் கொத்த வேண்டாம். ரிமோட்டில் இயங்கும் ரிலே ஒன்றைச் சுவிட்ச் போர்டுக்குள் வைத்து, வயர் இல்லாத சுவிட்சைக் கட்டில் பக்கம் ஒட்டிவிடலாம். அப்புறம், கட்டிலுக்கு இருபுறமும் கைபேசி சார்ஜ் போட ஒவ்வொரு பிளக் பாயின்ட், மெத்தைக்குச் சற்று மேலே. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மற்றவருடைய வயர் அவர் தலைக்கு மேல் தொங்கும்.

இரவில் எழுந்தால் வழி தெரிய, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அரை வாட் ஃபுட் லைட் ஒன்று போதும். வயதானவர்கள் உள்ள வீட்டில் இதை விட்டுவிடாதீர்கள்.

“வெள்ளை பெட்ஷீட் போட்டோம், இரண்டே மாதத்தில் மஞ்சளாகிவிட்டது”

வெள்ளைப் படுக்கை ஹோட்டல்களில் என்றைக்கும் இருந்த வழக்கம் என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் வெஸ்டின் ஹோட்டல்கள் 1999-ல் ‘ஹெவன்லி பெட்’ என்ற பெயரில் முழு வெள்ளைப் படுக்கையைக் கொண்டுவந்த பிறகுதான் உலகமெங்கும் அது பரவியது. அதுவரை அழுக்கு தெரியாத பூப்போட்ட கனமான மேல்விரிப்புகளே பெரும்பாலும் இருந்தன. வெள்ளை என்றால் அழுக்கு உடனே தெரியும், சுத்தம் என்று விருந்தாளி கண்ணால் பார்த்து நம்புவார். ஆனால் அதன் பின்னால் சூடான தண்ணீரில் தினமும் ஓடும் பெரிய சலவை இயந்திரம் இருக்கிறது. அது இல்லாமல் வெள்ளையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகத்தான் செய்யும்.

நம் வீட்டில் மஞ்சளுக்கு முக்கியக் காரணம் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய். அடுத்தது வியர்வை. தலையணைக்கு உள்ளுறை ஒன்று, மேலுறை ஒன்று என இரண்டு போடுங்கள், மேலுறையை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். பச்சைத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு முழுதாகப் போகாது, மெஷினில் 60 டிகிரி வையுங்கள். ஏற்கெனவே மஞ்சளானதற்கு, சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் பிளீச்சை வெந்நீரில் கரைத்து, சில மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுவதுதான் நீலத்தின் வேலை, எண்ணெயை அது எடுக்காது. குளோரின் பிளீச் வேண்டாம். வியர்வைக் கறையில் பட்டால் சில சமயம் மஞ்சள் கூடும், நூலும் நைந்துபோகும்.

பூப்போட்ட விரிப்புதான் உங்கள் வீட்டுக்குச் சரி என்றால் அதையே போடுங்கள். ஹோட்டல் உணர்வு வெள்ளையில் மட்டும் இல்லை, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுவதில் இருக்கிறது. அதற்கு அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

“காலையில் பார்த்தால் பெட்ஷீட் சுருண்டு நடுவில் கிடக்கிறது”

அளவு போதவில்லை. இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். கட்டில் 72-க்கு 78 அங்குலம், மெத்தை 10 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் 72-உடன் இரண்டு பக்க உயரம் 20 சேர்த்தால் 92. மெத்தைக்கு அடியில் செருக ஒவ்வொரு பக்கமும் 8 அங்குலம் வேண்டும், ஆக 108. அதனால்தான் கிங் சைஸுக்கு 108 அங்குல அகல விரிப்பு தேவைப்படுகிறது. கடையில் ‘டபுள்’ என்று கொடுப்பது பெரும்பாலும் 90-க்கு 100 அல்லது 90-க்கு 108 அங்குலம்தான். அதை இந்த மெத்தையில் விரித்தால் பக்கத்தில் செருகத் துணியே இருக்காது. பருத்தி துவைத்தால் சுருங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி மடிப்பு. ஹோட்டல்காரர்கள் எலாஸ்டிக் வைத்த விரிப்பைவிடச் சாதா விரிப்பையே அதிகம் விரும்புகிறார்கள், இஸ்திரி போடவும் மடிக்கவும் சுலபம் என்பதால். கால்மாட்டுப் பக்கம் தொங்கும் துணியை முதலில் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். மூலையிலிருந்து ஓர் அடி தள்ளி, பக்கவாட்டில் தொங்கும் விளிம்பைப் பிடித்துத் தூக்கி மெத்தை மேல் போடுங்கள், ஒரு முக்கோணம் வரும். கீழே மிச்சம் தொங்குவதை அடியில் செருகுங்கள். இப்போது மேலே கிடக்கும் முக்கோணத்தை இறக்கி, உள்ளங்கையால் நீவி இறுக்கிச் செருகுங்கள். மூலையில் சாய்வாக ஒரு கோடு விழும். நாலு முறை செய்தால் கை பழகிவிடும். இரவு முழுக்கப் புரண்டாலும் அசையாது.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் த்ரெட் கவுன்ட் என்று எழுதி விற்பதற்கு மயங்காதீர்கள். பல இழைகளை முறுக்கிச் செய்த நூலில் ஒவ்வோர் இழையையும் தனியாக எண்ணித்தான் அந்த எண்ணிக்கை வருகிறது. நல்ல பருத்தியில் 200 முதல் 400 வரை இருந்தால் போதும். மொரமொரப்பு பிடிக்கும் என்றால் பெர்கேல் நெசவு, வழவழப்பு பிடிக்கும் என்றால் சாட்டீன். நம் வெக்கைக்குப் பெர்கேல்தான் என் ஓட்டு. வெளிநாட்டு வீடுகளுக்குப் போகும் விரிப்புகளைத் தயாரிக்கும் கரூர் பக்கத்திலேயே இருக்கிறது, சென்னிமலை பெட்ஷீட்டும் இருக்கிறது. ஹோட்டல் தரம் தேடி இறக்குமதிக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஏசி இல்லாத அறையில் டூவே என்கிற அந்தத் தடித்த வெள்ளைப் பஞ்சுப் போர்வை மட்டும் வேண்டாம். அது குளிரூட்டிய அறைக்கு ஏற்பட்டது. மெல்லிய பருத்திப் போர்வையைக் கால்மாட்டில் மூன்றாக மடித்து வைத்தாலே பார்வைக்கு நிறைவாக இருக்கும்.

“ஹோட்டல் டவல் வாங்கினோம், பலகை மாதிரி விறைத்துவிட்டது”

உப்புத் தண்ணீரும் அதிகப்படி சோப்புத் தூளும். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நூல் வளையங்களுக்குள் படிந்துவிடுகின்றன. மிருதுவாகட்டும் என்று கம்ஃபர்ட் போன்றவற்றை ஊற்றினால் மேலே ஒரு பூச்சு ஏறி, டவல் தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்கும்.

சோப்பின் அளவைப் பாதியாகக் குறையுங்கள். கடைசி அலசலில் அரைக் கப் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். பிழிந்ததும் நன்றாக நாலு உதறு உதறி, நிழலில் காற்றோட்டமாகக் காயப்போட்டு, முடிவில் கொஞ்ச நேரம் வெயில் காட்டுங்கள். வாங்கும்போது ஜிஎஸ்எம் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை அது. ஹோட்டல்களில் 500, 600 என்று வைப்பார்கள். அவர்களிடம் டிரையர் இருக்கிறது. கொடியில் காயவைக்கும் வீட்டுக்கு 400 முதல் 450 சரி, மழைக்காலத்தில் 600 காயாமல் நாறிவிடும்.

“குளியலறை புதுசு, ஆனால் எப்போதும் ஈரமும் நாற்றமும்”

இரண்டும் ஒரே பிரச்சினை என்று நினைப்பார்கள். தனித்தனியாகப் பாருங்கள்.

ஈரத்துக்கு: தரை காய்ந்திருக்கும்போது குளிக்கும் இடத்தில் ஒரு மக் தண்ணீரை ஊற்றி நின்று கவனியுங்கள். தண்ணீர் ஜாலியைத் தேடிப் போக வேண்டும். கதவுப் பக்கம் போனாலோ நடுவில் தேங்கினாலோ வாட்டம் தப்பு. குளிக்கும் பகுதியில் நூறு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். தரையை உடைக்க மனமில்லை என்றால், குளிக்கும் இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே ஒரு கிரானைட் பட்டையைச் சிலிக்கான் வைத்து ஒட்டுங்கள், ஓர் அங்குல உயரம் போதும். மேலே கண்ணாடித் தடுப்போ பிளாஸ்டிக் திரையோ அவரவர் வசதி. பக்கெட்டில் மொண்டு குளிக்கிற வீட்டில்கூட இந்தப் பட்டை வேலை செய்யும். கண்ணாடி போட்டால் 8 மில்லிமீட்டருக்குக் குறையாத டஃபன்டு கண்ணாடி. உப்புத் தண்ணீர் ஊரில் அதைத் தினமும் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் சில மாதங்களில் வெண்புள்ளி விழுந்து, கண்ணாடி இல்லாததைவிட மோசமாகத் தெரியும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் காயவில்லையா? கதவுக்கு அடியில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். உள்ளே காற்று வர வழி இல்லாமல் வெளியே மட்டும் இழுக்க முடியாது. முக்கால் அங்குலம் விட்டால் போதும். குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும்.

நாற்றத்துக்கு: முகர்ந்து பார்த்து இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் தரை ஜாலிதான். அதற்குக் கீழே டிராப் என்ற வளைவில் சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை உள்ளே விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். விருந்தினர் குளியலறையைப் பல வாரம் பயன்படுத்தாமல் விட்டால் அது ஆவியாகிவிடும். வாரம் ஒரு முறை இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் ஊற்றிவிட்டு மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள், ஆவியாவது குறையும். தண்ணீர் இருந்தும் நாறினால், ஜாலியைக் கழற்றி முடியையும் சோப்புப் பிசினையும் எடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் டிராப்பே வைக்காமல் குழாயை நேராக விட்டிருப்பார்கள். பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

இந்த வேலை முடியும் வரை வாசனை எண்ணெய், டிஃப்யூசர் எதுவும் வாங்காதீர்கள். நாற்றத்தின் மேல் வாசனை சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து தலைவலி தரும். நாற்றம் போன பிறகு, எலுமிச்சைப்புல் தைலம் சில சொட்டுகளே ஓர் அறைக்குப் போதும். தென்னிந்திய ஹோட்டல் வரவேற்பறைகளில் நீங்கள் பலமுறை முகர்ந்திருக்கும் வாசனைதான் அது.

“பெரிய ரெயின் ஷவர் மாட்டினோம், சொட்டுச் சொட்டாக வருகிறது”

கைத்தொலைபேசியை மாற்றுவது போல ஷவர் தலையை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும். தண்ணீரின் அழுத்தம் தொட்டியின் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு). மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மேல்மாடிக் குளியலறையில் ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே 2 மீட்டர்தான் இருக்கும், அதாவது 0.2 பார். பெரிய ரெயின் ஷவர்கள் நன்றாகக் கொட்ட ஒரு பார் அளவுக்காவது கேட்கும். ஹோட்டலில் அதற்கென்றே பிரஷர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஷவரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைத் திறந்து பாருங்கள். வேகமாக வந்தால் கோளாறு ஷவரில்தான். துளைகளில் உப்பு அடைத்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி அதற்குள் ஷவரை இரவு முழுக்க ஊறவையுங்கள், காலையில் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். வினிகர் மார்பிள் தரையில் சிந்தக் கூடாது, அரித்துவிடும். வெறும் குழாயிலும் மெதுவாகவே வந்தால் இரண்டு வழி: 4 அங்குல ஷவருக்குத் திரும்புங்கள், அல்லது பூஸ்டர் பம்ப் வையுங்கள். வீடு பழையது, குழாய் இரும்பு என்றால் பம்ப் வைக்கும் முன் பிளம்பரிடம் இணைப்புகளைக் காட்டுங்கள். அழுத்தம் கூடியதும் துருப்பிடித்த இடம் கசியத் தொடங்கும், சுவருக்குள் கசிந்தால் தெரியவே தெரியாது.

“பிளாக்அவுட் ஸ்கிரீன் போட்டும் காலை ஆறு மணிக்கு வெளிச்சம்”

துணியில் குறையில்லை, ஓரங்களில்தான். கம்பியை ஜன்னல் அகலத்துக்கே வெட்டியிருப்பார்கள். இரு புறமும் 15 சென்டிமீட்டர் நீளமாக, சட்டத்துக்கு நன்றாக மேலே, தரையைத் தொடும் அளவுக்கு மாட்டுங்கள். கம்பி நீளத்தைப்போல் இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு விழும். உள்ளே ஒரு மெல்லிய வெள்ளைத் திரையும் சேர்த்தால் பகலில் பக்கத்து வீட்டுப் பார்வை மறையும். குட்டை ஸ்கிரீனை முழு நீளமாக மாற்றினாலே அறை உயரமாகத் தெரியும்.

“ஃபால்ஸ் சீலிங் போட்டதும் அறை சின்னதாகிவிட்டது, ஃபேன் காற்றே வரவில்லை”

கூரை பத்தடிக்குள் இருக்கும் வீட்டில் அறை முழுக்க இறக்கினால் அப்படித்தான் ஆகும். ஃபேன் இறக்கைக்கும் கூரைக்கும் இடையே ஓர் அடியாவது இருந்தால்தான் காற்று சுழலும். நடுப்பகுதியைக் கழற்றி, சுவரோரமாக ஒன்றரை இரண்டடிப் பட்டையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். கோவ் லைட்டுக்கு அது போதும். ஏசியின் காற்று முகத்தில் நேராக அடித்தால் தடுப்புத் தகடு ஒன்று மாட்டிக் கூரைப்பக்கம் திருப்பிவிடலாம்.

“பேசினால் எதிரொலிக்கிறது”

தரையும் சுவரும் விட்ரிஃபைடு டைல், பெயின்ட், கண்ணாடி. ஒலியை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. கார்ப்பெட் போடாதீர்கள், கடலோரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். கனமான ஸ்கிரீன், துணி போட்ட தலைப்பலகை, கட்டிலுக்குப் பக்கத்தில் பவானி ஜமக்காளம் ஒன்று. எதிரொலி நன்றாகவே குறையும்.

“ஆத்தங்குடிக் கல் போட்டோம், வெள்ளையாகப் பூத்துவிட்டது”

செட்டிநாட்டில் ‘விசாலம்’, ‘பங்களா’ போன்ற பாரம்பரிய ஹோட்டல்களில் தங்கிவிட்டு வந்ததும் பலருக்கும் இந்த ஆசை வருகிறது, வர வேண்டியதுதான். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமென்டும் சேர்த்துக் கையாலேயே செய்யும் கல் அது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுக்குகிறார்கள். அதனால் அது விட்ரிஃபைடு டைல் மாதிரி எதையும் தாங்காது. தண்ணீரை உறிஞ்சும், புளிக்கும் எலுமிச்சைக்கும் கறைபடும்.

வெண்மை பூத்தால் அது பெரும்பாலும் அடியிலிருந்து ஈரத்தோடு ஏறிவரும் உப்பு. பதித்தபின் காயவிடாமல் மேலே மெழுகோ சீலரோ பூசிவிட்டார்கள், அல்லது தரையடி ஈரம் இன்னும் இருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்வார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். நிறமே வெளுத்துவிடும், திரும்ப வராது. உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். மறுபடி பூத்தால் மறுபடி துடையுங்கள், ஈரம் வடிய வடியக் குறையும். பிறகு வாளித் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பிழிந்த துணியால் துடைத்துவாருங்கள். கால் பட்டுப் பட்டுத்தான் அந்தக் கல்லுக்குப் பளபளப்பு ஏறும். பழைய வீடுகளில் முகம் தெரிகிற அளவு மின்னுவது பல்லாண்டு நடந்ததால். முதல் வருடத்திலேயே அதை எதிர்பார்த்துப் பாலிஷ் மெஷின் வைப்பது கல்லுக்குச் செய்யும் அநியாயம். சமையலறைத் தரைக்கு இந்தக் கல் வேண்டாம் என்பது என் முடிவு.

“வால்பேப்பர் உரிகிறது”

சுவரில் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. பின்னால் குளியலறையா, மழை அடிக்கும் வெளிச்சுவரா என்று பார்த்து அதைச் சரிசெய்யாமல் புதிதாக எதையும் ஒட்டாதீர்கள். வெளிப்பக்கம் துளிர்த்தால் அறையின் புழுக்கம், ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும்.

“எல்லாம் புதுசு, ஆனால் ஷோரூம் மாதிரி இருக்கிறது”

கட்டிலில் நின்று எண்ணுங்கள். தேக்கு லேமினேட், மார்பிள் ஷீட், கோடு போட்ட ஃப்ளூட்டட் பேனல், தங்கப் பட்டை, வால்பேப்பர், கண்ணாடி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு படத்திலிருந்து வந்தது. ஓர் ஓட்டல் அறையை உற்றுப் பார்த்தால் ஒரு மரம், ஒரு துணி, ஒரு கல், ஒரு சுவர் நிறம் என்று நின்றுவிடும். செட்டிநாட்டு வீட்டில் சுண்ணாம்பு, தேக்கு, ஆத்தங்குடிக் கல் இவ்வளவுதானே, எவ்வளவு நிறைவு! புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். தங்கப் பட்டையை முதலில் எடுங்கள், பேனலுக்குச் சுவரின் நிறத்தையே அடியுங்கள். இரண்டு நாள் பெயின்டர் வேலை, அவ்வளவுதான்.

“முதல் வாரம் ஹோட்டல், மூன்றாவது வாரம் பழையபடி”

இது சோம்பேறித்தனம் என்று வீட்டில் ஒருவர் மீது ஒருவர் பழி போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பொருளுக்கு இடம் இல்லை என்பதுதான் விஷயம். ஹோட்டல் அறைக்கு நாம் வரும்போது ஒரு பெட்டியோடு வருகிறோம், அதற்கும் ஒரு தனி மேடை போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஆபீஸ் பைக்கு இடம் எங்கே? ஒரு முறை உடுத்திய, துவைக்கவும் வேண்டாத சட்டைக்கு? மருந்துக்கு, கண்ணாடிக்கு, கொசுவர்த்திக்கு?

ஒரு வாரம் அறையை அப்படியே விட்டு, எது எங்கே குவிகிறது என்று கவனியுங்கள். நாற்காலியில் துணி குவிந்தால் கதவுக்குப் பின்னால் நாலு கொக்கி அடியுங்கள். கட்டில் பக்க மேஜை மேல் குவிந்தால் அதை இழுப்பறை உள்ளதாக மாற்றுங்கள், மேலே ஒரு தட்டு மட்டும். பை தரையில் கிடந்தால் கால்மாட்டில் ஒரு நீள முக்காலி. குவிகிற இடத்திலேயே இடம் கொடுங்கள், தூரத்தில் அலமாரி கட்டினால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

விரிப்புக்கும் அதே கணக்குத்தான். ஹோட்டல்களில் கட்டிலுக்குக் குறைந்தது மூன்று செட் வைத்திருப்பார்கள்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இரண்டு செட் மட்டும் வைத்திருக்கும் வீட்டில், மழை பெய்து துணி காயாத வாரம் பழைய விரிப்பே தொடரும். ஒவ்வொரு செட்டையும் அதன் தலையணை உறைக்குள்ளேயே மடித்துப் போட்டு, பரணில் ஏற்றாமல், அதே அறை பீரோவில் கையெட்டும் தட்டில் வையுங்கள்.